வீட்டோட வந்த பழைய பிசி1616 அலாரத்தை நாங்களே புரோகிராம் பண்ணலாமோ?

மோணிங்சைட்

வணக்கம். ஸ்காபரோவில நாங்கள் வாங்கின வீட்டில முந்தி இருந்த ஆக்கள் விட்டுட்டுப் போன வயர் அலாரம் ஒண்டு இருக்கு. பேஸ்மென்ற்றில இரும்புப் பெட்டி, உள்ளுக்குள்ள இருக்கிற பலகையில பிசி1616 எண்டு அச்சடிச்சிருக்கு (டிஎஸ்சி பவர்சீரீஸ்). கீபாட் ரெண்டு: ஒண்டு முன்கதவடியில, மற்றது கராஜில இருந்து வீட்டுக்குள்ள வாற கதவடியில. ரெண்டும் பிகே5516. எழுத்துத் திரை இல்லை, லைற் மட்டும்தான்.

பெட்டிக்குள்ள ஒட்டியிருக்கிற தாளில உள்ள சோன் (பலகை தனியாக் கவனிக்கிற ஒவ்வொரு வயர் லைன்) விவரம்: 1 முன்கதவு, 2 கராஜ் உள்கதவு, 3 பின்பக்கச் சறுக்குக் கதவு, 4 பேஸ்மென்ற் யன்னல் மூண்டும், 5 ஹோல் மோஷன் (அசைவு உணரி), 6 பேஸ்மென்ற் மோஷன்.

கீபாட் பத்து செக்கனுக்கு ஒருக்கா ரெண்டு தரம் பீப் அடிக்குது. # அமத்தினால் நிக்குது, பிறகும் தொடங்குது. *2 அமத்தினால் 1, 3, 4, 8 லைற் எரியுது. அதுக்குள்ள 1ஐ அமத்தினால் 1உம் 5உம். 1234 எண்ட கோட் வேலை செய்யேல்லை, இன்ஸ்ரோலர் கோட்டும் (பலகையைப் புரோகிராம் பண்ணுற கோட்) தெரியாது. பெட்டிக்குப் பக்கத்தில இருந்த செல் மொடியூலை முந்தின கொம்பனி கழட்டிக்கொண்டு போட்டுது. வீட்டில லான்ட்லைன் இல்லை, இணையம் மட்டும்தான்.

மாதக் கட்டணம் இல்லாமல் சைரன் அடிக்கவும் போனுக்குத் தகவல் வரவும் வேணும். இந்தப் பலகையை வைச்சிருக்கிறது பிரயோசனமோ? எங்க இருந்து தொடங்கிறது?

பன்னிரண்டு வோல்ற்

வைச்சிருங்கோ. சுவருக்குள்ளால ஆறு சோனுக்கும் வயர் இழுத்திருக்கிறதுதான் இதில பெறுமதியான சாமான். வயர்லெஸ் செற் ஒண்டை வாங்கிப் பூட்டினால் பிறகு ஒவ்வொரு கதவுக்கும் பற்றரி மாத்திக்கொண்டே இருக்கவேணும்.

முதல்ல லைற் சொல்லுறதை வாசிப்பம். *2க்குள்ள 3 எண்டால் தொலைபேசி லைன் இல்லை. 4 எண்டால் கண்காணிப்பு நிலையத்துக்குப் போன் பண்ண முயற்சி செய்து தோத்துப்போச்சு. 8 எண்டால் நேரமும் திகதியும் இல்லை. 1 எண்டது "சேவை தேவை" எண்ட பொது லைற். அதுக்குள்ள 1 பற்றரி, 5 பதிஞ்சு வைச்ச ஏதோ ஒரு மொடியூலைக் காணேல்லை எண்டு அர்த்தம். நீங்கள் சொன்ன செல் பெட்டிதான் அது. ஆக, பழுதெண்டு சொல்லக்கூடியது பற்றரி மட்டும்தான். மிச்சம் எல்லாம் இல்லாத சாமானைப் பலகை தேடுறது.

பற்றரி 12 வோல்ற் 7 அம்பியர்-அவர், மூடின ஈய அமில வகை. மூண்டில இருந்து அஞ்சு வருசத்தில மாத்திப்போடவேணும். சுவர்ப் பிளக்கில இருக்கிற றான்ஸ்போமரையும் பாருங்கோ: 16.5 வோல்ற் ஏசி, 40 விஏ எண்டு இருக்கவேணும். 20 விஏ குத்தியிருந்தால் சாதாரண நேரம் ஓடும். சைரன் அடிக்கிற நேரமும் பற்றரி சார்ஜ் ஏறுற நேரமும்தான் காலை வாரும். லைற் சுவிச்சோட சேர்ந்து அணையிற பிளக்கில அதைக் குத்தவேண்டாம்.

இனி கோட். தெரியாத இன்ஸ்ரோலர் கோட்டைக் கண்டுபிடிக்க ஏலாது, பலகையைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகத்தான் வேணும். றான்ஸ்போமரைப் பிடுங்குங்கோ, பற்றரியின்ர ஒரு வயரையும் கழட்டுங்கோ. சோன் 1 முனையிலயும் பிஜிஎம்1 (பலகையின்ர ஒரு வெளியீடு) முனையிலயும் இருக்கிற வயர் எல்லாத்தையும் எடுத்திட்டு, அந்த ரெண்டு முனையையும் ஒரு துண்டு வயரால இணையுங்கோ. பற்றரியைக் கொழுவாமல் றான்ஸ்போமரை மட்டும் குத்தவேணும். பற்றரி மின்சாரத்தில இது நடக்காது. கீபாட்டில சோன் 1 லைற் எரிஞ்சால் முடிஞ்சுது. திரும்பப் பிளக்கைப் பிடுங்கி, துண்டு வயரை எடுத்து, பழைய வயர்களைப் பூட்டி, முதல் ஏசி, பிறகு பற்றரி (சிவப்பு கூட்டலுக்கு, கறுப்பு கழித்தலுக்கு).

பிளக் குத்தின உடனே பலகைக்குள்ள "டிக் டிக் டிக்" எண்டு ரிலே வேகமா அடிச்சுதெண்டால் அது கெட்ட சகுனம். முந்தின ஆள் இன்ஸ்ரோலர் பூட்டைப் போட்டிருக்கிறார், இந்த வழியால திறக்காது. அப்பிடியெண்டால் பாவிச்ச பலகை ஒண்டு வாங்கி மாத்துறதுதான் சுகம்; வயரும் கீபாட்டும் அப்பிடியே பொருந்தும்.

திறந்தால் இன்ஸ்ரோலர் கோட் 5555, மாஸ்ரர் கோட் (வீட்டுக்காரரின்ர முதன்மைக் கோட்) 1234. *8 5555 அமத்தினால் "ஆம்" (Armed, அலாரம் போட்டிருக்கு) லைற் எரியும்: மூண்டு இலக்கப் பிரிவு எண் கேக்குது. எண்ணைக் குடுத்தால் "ரெடி" லைற்: தரவு கேக்குது. இந்த ரெண்டு லைற்றையும் பாத்துக்கொண்டு செய்தால் எந்த இடத்தில நிக்கிறியள் எண்டது தவறாது. வெளிய வர #.

நீங்கள் தொடவேண்டியது இவ்வளவும்தான். 015க்குப் போய் 7ஐ அமத்தி அந்த லைற்றை அணையுங்கோ, தொலைபேசி லைனைத் தேடுறது நிக்கும். 380க்குப் போய் 1ஐ அணையுங்கோ, வெளிய போன் பண்ண முயற்சிக்கிறது நிக்கும். 902 குடுத்து ஒரு நிமிசம் பொறுங்கோ: பலகை இருக்கிற மொடியூல்களைத் திரும்பத் தேடிப் பதியும், காணாமல் போன செல் பெட்டியை மறந்துபோகும். 903 குடுத்தால் என்னென்ன பதிஞ்சிருக்கு எண்டு காட்டும். புரோகிராமில இருந்து வெளிய வந்து, நேரத்துக்கு *6, மாஸ்ரர் கோட், 1. பிறகு மணி-நிமிசம் நாலு இலக்கம், மாதம்-நாள்-வருசம் ஆறு இலக்கம்.

அடுத்தது 001, சோன் வகை. ஒவ்வொரு சோனுக்கும் ரெண்டு இலக்கம், வரிசையா: 01 02 03 03 04 04, மிச்சம் எல்லாத்துக்கும் 00. 01 எண்டது தாமதம் ஒண்டு, 02 தாமதம் ரெண்டு, 03 உடனடி, 04 உள்வீடு.

தாமத நேரம் 005இல. துணைப்பிரிவு 01க்குள்ள மூண்டு மூண்டு இலக்கமா முதல் நுழைவுத் தாமதம், ரெண்டாவது நுழைவுத் தாமதம், வெளியேறும் தாமதம். டிஎஸ்சி வைச்சு விட்டது 030, 045, 120 செக்கன். கராஜ் பக்கத்தால சாமான் பையோட வாறவைக்கு 45 செக்கன் நல்லது, அதுதான் அங்க 02 போடச் சொன்னது. துணைப்பிரிவு 09 சைரன் அடிக்கிற நிமிசம்: 004.

கடைசியா ரெண்டு கோட்டையும் மாத்துங்கோ. மாஸ்ரருக்கு *5 1234 40, பிறகு புதிய நாலு இலக்கம். இன்ஸ்ரோலருக்கு *8க்குள்ள 006. 5555 எண்டது ஊருக்கே தெரிஞ்ச எண். 990 பக்கம் போகவேண்டாம், அதுதான் நான் மேல சொன்ன பூட்டு.

மார்க்கம்வாசி

மேல எழுதினதோட எல்லாம் ஒத்துப்போறன், சோன் 5உம் 6உம் தவிர. 04 போட்டால் இரவு ஆக்கள் வீட்டுக்குள்ள இருக்கேக்க அலாரம் போட ஏலாது. தண்ணி குடிக்கக் குசினிக்கு எழும்பினவுடன சைரன். மோஷனுக்கு 05 போடுங்கோ, உள்வீடு ஸ்ரே/அவே. "ஸ்ரே" பொத்தானால போட்டால் மோஷன் ரெண்டும் விலகி நிக்கும், கதவும் யன்னலும் காவல் காக்கும். "அவே"யில எல்லாம் வேலை செய்யும். அப்ப 001: 01 02 03 03 05 05.

இதில ஒரு நுணுக்கம் இருக்கு. கோட்டைக் குடுத்துப் போட்டு, வெளியேறுற நேரத்துக்குள்ள முன்கதவையோ கராஜ் கதவையோ திறக்காட்டி, ஆள் வெளிய போகேல்லை எண்டு பலகை எடுத்துக்கொண்டு தானாவே ஸ்ரேக்குப் போகும். சறுக்குக் கதவால வெளிய போற பழக்கம் உள்ள வீட்டில "மோஷன் பிடிக்குதில்லை" எண்டு சொல்லுறது இதாலதான். அது 03, தாமதச் சோன் இல்லை. போறதும் வாறதும் 1, 2 கதவால மட்டும் எண்டு வீட்டில எல்லாருக்கும் சொல்லிவையுங்கோ.

05க்கும் 06க்கும் வித்தியாசம் கேப்பியள். 05 முன்கதவின்ர தாமதம் ஓடிக்கொண்டிருந்தால் அதோட சேர்ந்து பொறுக்கும். கதவு திறபடாமல் ஆள் உள்ளுக்க வந்தால் உடனே அடிக்கும். 06 எப்பவும் தாமதம் குடுக்கும். யன்னலை உடைச்சு வாறவனுக்கு அரை நிமிசம் குடுக்கத் தேவையில்லை.

அலாரம் காலம் முழுக்கச் சரியா ஓடுறதும் ஓடாததும் ரெசிஸ்ரரில (மின்தடையில) இருக்கு. ஒவ்வொரு சோன் லைனின்ர முடிவிலயும் 5.6 கிலோஓம் ஒண்டு இருக்கவேணும்: பச்சை, நீலம், சிவப்புப் பட்டி. அது இருக்கவேண்டிய இடம் கதவுச் சுவிச்சடி, வயரின்ர தூரத்து முனை. அவசரக்காரர் அதைப் பனல் பெட்டிக்குள்ளயே முறுக்கிவிட்டிருப்பினம். அப்பிடி இருந்தால் நடுவில வயர் ரெண்டும் ஒட்டிக்கொண்டால் பலகைக்குத் தெரியவே தெரியாது, கதவு திறந்தாலும் பூட்டியிருக்கெண்டே நினைக்கும். 013க்குள்ள 1ஆம் லைற் எரிஞ்சால் ரெசிஸ்ரர் இல்லாத லூப் (வயர்ச் சுற்று), அணைஞ்சிருந்தால் ரெசிஸ்ரர் தேவை. 2ஆம் லைற் அணைஞ்சிருந்தால் ஒற்றை ரெசிஸ்ரர், எரிஞ்சால் இரட்டை. சாமான் ஒரு மாதிரியும் 013 இன்னொரு மாதிரியும் இருந்தால் ஆறு சோனும் ஒரேயடியாத் திறந்து கிடக்கிற மாதிரிக் காட்டும்.

ஆனபடியால் புரோகிராமுக்கு முதல் மல்ரிமீற்றர் ஒண்டை எடுத்து, ஒவ்வொரு சோன் வயரையும் கழட்டி அளந்து எழுதி வையுங்கோ. கதவு பூட்டியிருக்கேக்க 5.6 கிலோஓமுக்குக் கிட்ட, திறந்தால் முடிவிலி. சுழி வந்தால் எங்கயோ ஒட்டுப்பட்டிருக்கு.

மோணிங்சைட்

அண்ணைமாருக்கு நன்றி. ரிலே சத்தம் வரேல்லை, பலகை திறந்திட்டுது. புதுப் பற்றரியும் போட்டாச்சு. 3, 4, 8 லைற் அணைஞ்சு போட்டுது. 902க்குப் பிறகு 5உம் போட்டுது. ஆனால் 1க்குள்ள இப்ப 2 எரியுது.

அளந்தது (பிளக்கும் பற்றரியும் கழட்டினபடி): சோன் 1, 2, 3 பூட்டியிருக்க 5.6, திறந்தால் முடிவிலி. சோன் 4 பூட்டியிருந்தாலும் 5.58, மூண்டு யன்னலும் திறந்தாலும் 5.58. சோன் 5, 6 ரெண்டும் எப்பவும் முடிவிலி. மோஷன் ரெண்டும் செத்துப்போச்சோ?

பன்னிரண்டு வோல்ற்

சாகேல்லை. மோஷனுக்குள்ள இருக்கிற ரிலே மின்சாரம் இருக்கேக்கதான் மூடியிருக்கும். மின்சாரம் போனால் தானாத் திறக்கும். வயரை வெட்டினால் அலாரம் அடிக்கிறதுக்காக அப்பிடிச் செய்திருக்கு. நீங்கள் பிளக்கைப் பிடுங்கிப்போட்டு அளந்தபடியால் முடிவிலி வந்தது. மின்சாரத்தைக் குடுங்கோ, ஓக்ஸ் (மோஷனுக்கு மின்சாரம் குடுக்கிற முனை) கூட்டலுக்கும் கழித்தலுக்கும் இடையில 12 வோல்ற்றுக்கு மேல இருக்கோ எண்டு பாருங்கோ, ரெண்டு மூண்டு நிமிசம் மோஷன் நிலைக்கு வர விடுங்கோ. பிறகு சோன் 5 வயரை மட்டும் முனையில இருந்து கழட்டி, ஆள் அசையாமல் நிக்க அளவுங்கோ. 5.6 வரும். கையை ஆட்டினால் ஒரு செக்கன் ரெண்டு செக்கன் முடிவிலிக்குப் போய்த் திரும்பும்.

சோன் 4தான் உண்மையான பிழை. யன்னல் திறந்தாலும் 5.58 எண்டால் அந்த லூப்புக்குள்ள யன்னல் சுவிச்சே இல்லை. பெட்டிக்குள்ள சோன் 4 முனைக்குப் போற வயரை விரலால தடவிக்கொண்டு பின்னுக்குப் போங்கோ. கறுப்பு ரேப் சுத்தின ஒரு முடிச்சு இருக்கும், ரேப்பைக் கழட்டினால் பட்டி போட்ட ரெசிஸ்ரர் ஒண்டு மட்டும் தொங்கும். யன்னலுக்குப் போற சோடி வயர் பக்கத்தில வெட்டுப்பட்டுச் சும்மா கிடக்கும். ஏதோ ஒரு யன்னல் பழுதானவுடன "ரெடி" லைற்றை எரியவைக்க ஆரோ செய்த வேலை அது. பேஸ்மென்ற் யன்னலுக்குக் காவலே இல்லாமல் இருந்திருக்கு.

வெட்டின சோடியை எடுத்து அளவுங்கோ. முடிவிலி எண்டால் மூண்டு யன்னலும் தொடராப் போறபடியால் ஏதாவது ஒண்டில அறுந்திருக்கு. பெட்டிப்பக்கம் அந்தச் சோடியை ஒட்டி முறுக்கிவிட்டு, முதலாவது யன்னலடியில பெட்டியில இருந்து வாற வயரை அளந்தால் ஒரு ஓம், ரெண்டு ஓம் வரவேணும். வந்தால் அதுவரைக்கும் நல்லம், அடுத்த யன்னலுக்குப் போங்கோ. சுவிச்சைச் சோதிக்க, காந்தம் ஒண்டைக் கிட்டப் பிடிச்சுப் பாருங்கோ: மூடினால் சுவிச் நல்லம், காந்தம்தான் தூரம். ஈரமான யன்னல் கட்டில திருகாணி துருப்பிடிச்சு வயர் முனை பச்சை பூத்திருக்கிறது கூடுதலாக் காணக்கூடியது. முனையைப் புதுசா உரிச்சுக் கட்டினால் சரிவரும். மூண்டையும் சரிசெய்த பிறகு ரெசிஸ்ரரைக் கடைசி யன்னலடியில போடுங்கோ.

1க்குள்ள 2 எண்டால் சைரன் லைன். பெல் கூட்டல், பெல் கழித்தல் முனையில சைரன் இல்லை, அல்லாட்டி வயர் அறுந்துபோச்சு. சைரன் பூட்டும்வரைக்கும் அந்த ரெண்டு முனைக்குக் குறுக்கால 1 கிலோஓம் ரெசிஸ்ரர் (மண்ணிறம், கறுப்பு, சிவப்பு) போட்டால் லைற் போகும். புதுசா வாங்கினால் 12 வோல்ற் டிசியில தானா ஒலிக்கிற சைரனா வாங்குங்கோ. வெறும் கோன் ஸ்பீக்கருக்கு டிரைவர் வேணும், நேர கொழுவினால் சத்தம் வராது.

மார்க்கம்வாசி

சோன் 1, 3 பற்றி ஒரு சொல்லு. இப்ப அளந்து நல்லம் எண்டு விடவேண்டாம். பனிக்காலத்தில கதவு சுருங்கி நிலையில இருந்து விலகும், சறுக்குக் கதவு இன்னும் மோசம். காந்தத்துக்கும் சுவிச்சுக்கும் இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல இருந்தால் இப்பவே கிட்ட நகத்துங்கோ. கதவைப் பூட்டிப்போட்டு உள்ளுக்க இருந்து பலமா இழுத்தும் தள்ளியும் பாக்கேக்க கீபாட் லைற் மினுங்கினால், மாசி மாத இரவு ரெண்டு மணிக்குப் பொய் அலாரம் நிச்சயம். இரும்புக் கதவெண்டால் காந்தத்தின்ர பலத்தில பாதியைக் கதவே குடிச்சிடும். அகல இடைவெளி வகைச் சுவிச் வாங்கவேணும்.

மோஷன் ஏழு அடி உயரத்தில மூலையில இருக்கட்டும். ஆள் அதை நோக்கி நேர வாறதைவிடக் குறுக்கால கடக்கிறதைத்தான் அது நல்லாப் பிடிக்கும். சூடு வாற துவாரத்துக்கும் வெயில் விழுற யன்னலுக்கும் முகம் குடுக்கக்கூடாது. பேஸ்மென்ற் மோஷனின்ர மூடியைக் கழட்டி உள்ளுக்க பாருங்கோ: வயர் வாற ஓட்டையால சிலந்தி போய்க் கூடு கட்டும், கண்ணாடிக்கு முன்னால அது நடந்தால் மனுசன் அளவுக்குத் தெரியும். ஓட்டையைச் சிலிக்கனால அடையுங்கோ.

கீபஸ்

போனுக்குத் தகவல் கேட்டிருந்தீங்கள். இந்தப் பலகைக்கு என்விசாலிங்க் 4 எண்ட சிறு பலகை பொருந்தும். கீபாட் கொழுவியிருக்கிற அதே நாலு முனை: சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை. நிறத்துக்கு நிறம் பூட்டி, றவுட்டருக்கு ஒரு வலை வயர். மின்சாரத்தை நிப்பாட்டிப்போட்டுத்தான் பூட்டவேணும். மஞ்சளும் பச்சையும் மாறினால் கீபாட்டுகளும் சேர்ந்து நிக்கும். அதுக்குரிய தளத்தில பதிஞ்சால் மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் வரும், நீங்களே கண்காணிக்கிறதுக்கு அடிப்படைச் சேவை இலவசம். கைவேலை விருப்பமெண்டால் இஎஸ்பி32 எண்ட சின்னக் கணினிப் பலகையில ஓடுற திறந்த மூலக் கீபஸ் (கீபாட் வயர்த் தொடர்பு) நூலகம் இருக்கு, ஹோம் அசிஸ்ரன்ற் எண்ட வீட்டுத் தானியங்கி மென்பொருளோட சேரும். மஞ்சளுக்கும் பச்சைக்கும் 33 கிலோஓம், 10 கிலோஓம் கொண்டு மின்னழுத்தத்தைக் குறைச்சுத்தான் குடுக்கவேணும்; 12 வோல்ற்றை நேர குடுத்தால் இஎஸ்பி எரிஞ்சிடும்.

மின்சாரக் கணக்கைப் பாருங்கோ. பலகை 110 மில்லி அம்பியர், கீபாட் ஒண்டு கூடினால் 125, மோஷன் ஒண்டு 20 எண்டு வைச்சால் மொத்தம் 400. அந்த 7 அம்பியர்-அவர் பற்றரி ஏட்டுக் கணக்கில 17 மணித்தியாலம் தாங்கும், புதுப் பலகை சேர அதுவும் குறையும். ஆனால் மின்சாரம் போன உடனே உங்கட றவுட்டர் படுத்திடும், அப்ப சைரன் அடிக்கும், போனுக்கு ஒண்டும் வராது. மோடத்துக்கும் றவுட்டருக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் (பற்றரிக் காப்பு) கட்டாயம்.

பொலிஸ் பற்றியும் தெரிஞ்சிருக்கவேணும். 2018 செப்ரெம்பரில இருந்து ரொறன்ரோப் பொலிஸ் உறுதிப்படுத்தின அலாரத்துக்குத்தான் ஆள் அனுப்பும். ஒரு கதவுச் சோன் மட்டும் அடிச்சது போதாது. ஒண்டுக்கு மேற்பட்ட சோன் அடிச்சிருக்கவேணும், அல்லது கமராவிலயோ ஒலியிலயோ, கண்ணால கண்ட ஆளாலயோ உறுதியாகவேணும். முன்கதவடியில ஒரு கமராவும் ஹோலைப் பாக்கிற மாதிரி ஒண்டும் வையுங்கோ. சோன் 4உக்குப் பின்னால சோன் 6 அடிச்சது எண்டு போனில வரிசையா வந்தால் 911இல சொல்ல உங்களிட்ட உறுதியான விசயம் இருக்கும். சோன் 4ஐச் சரியா முடியுங்கோ எண்டு நானும் சொல்லுறது அதுக்காகத்தான்.

இந்தப் பனலில புகை உணரி கொழுவாட்டியும் பரவாயில்லை. ஒன்ராறியோச் சட்டப்படி ஒவ்வொரு மாடியிலயும் படுக்கை அறைகளுக்கு வெளியிலயும் இருக்கவேண்டிய புகை அலாரங்களில கை வைக்கவேண்டாம்.

எல்லாம் முடிய *8, இன்ஸ்ரோலர் கோட், 901. ரெடி, ஆம், ட்ரபிள் (பிழை) மூண்டு லைற்றும் வேகமா மினுங்கும். ஒரு ஆள் கீபாட்டடியில நிக்க மற்றவர் ஒவ்வொரு கதவையும், பேஸ்மென்ற் யன்னல் மூண்டையும் தனித்தனியா, பிறகு ரெண்டு மோஷனையும் தொட்டுப் பாக்கட்டும். ஒவ்வொண்டுக்கும் சைரன் ரெண்டு செக்கன் அடிக்கவேணும். அடிக்காததுக்குத் திரும்பப் போய் மீற்றரை வையுங்கோ. முடிய 901ஐத் திரும்பக் குடுத்துச் சோதனையை நிப்பாட்டுங்கோ. பக்கத்து வீட்டுக்காரருக்கு முதலே சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ.